உப்புச் சாக்கில் வந்த வெள்ளைப் பொடி

அத்தியாயம் 6

வெள்ளைப் பொடி எது கிடைத்தாலும் அதை நாக்கில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு ஒல்லியுடையது. வேலைக்குச் சேர்ந்த அன்று யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே வந்த வழியே திரும்பிப் போயிருப்பான்.

ஒல்லிக்கு நாற்பத்திரண்டு வயது, நூற்றுநான்கு கிலோ. அந்தப் பெயரை வைத்தவர், அவன் வேலை பார்க்கும் துப்பறியும் அலுவலகத்தை நடத்தும் மேடம். யாரையாவது பின்தொடரச் சொல்லி அவனை அனுப்பினால், ஐந்தாவது நிமிடம் அந்த ஆளே திரும்பி நின்று, "என்ன சார், வழி தெரியலையா?" என்று விசாரிப்பார். இருந்தும் மேடம் அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவருக்குப் பேசிக்கொண்டே யோசித்தால்தான் மூளை ஓடும். பேசுவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் எளிதில் புண்படக் கூடாது.

அன்று வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. பேட்டரி மெக்கானிக் கடைக்கு மேலே இருந்த அவர்களுடைய அலுவலகத்தில், எதிர் நாற்காலியில் ஒரு பெண்மணி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மேசை மேல் மடித்த காகிதத்தில் கொஞ்சம் வெள்ளைப் பொடி. பக்கத்தில் ஒரு காலிச் சாக்கு. சாக்கில் கொட்டை எழுத்தில் 'உப்பு' என்று அச்சடித்திருந்தது.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் அவர். "மூணு மாசமா என் பீன்ஸ் செத்துட்டிருக்கு மேடம். இலையோட ஓரமெல்லாம் கருகிப் போச்சு. தண்ணி விட்டா மண்ணுக்குள்ள இறங்காம குட்டையா நிக்குது. காய்ஞ்சா சிமெண்ட் போட்ட மாதிரி இறுகிடுது. என் நிலத்துக்கு மேல்பக்கம் எங்க அண்ணன் நிலம். வாய்க்கால் தண்ணி அவரைத் தாண்டித்தான் எனக்கு வரணும். அவரோட பீட்ரூட் மட்டும் எப்படி ஜம்முனு நிக்குது?"

"நல்ல கேள்வி" என்றார் மேடம்.

"அஞ்சு நாளைக்கு முன்னாடி நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள என் வடக்குப் பாத்தியெல்லாம் இந்தப் பொடி. வரப்புல இந்தச் சாக்கு. இதே சாக்கு அண்ணனோட பம்ப் ஷெட்ல அடுக்கி வெச்சிருக்கார். வாய்க்கால் குழுவுல எழுதிக் கொடுத்துட்டேன். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவரோட மடைக்குப் பூட்டு. இந்தப் பருவம் பூரா திறக்க மாட்டாங்க."

"அப்புறம் எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க?"

அந்த அம்மாள் காலிச் சாக்கைத் தள்ளி வைத்தார். "பூட்டினா அவரோட பீட்ரூட் பத்து நாள்ல காய்ஞ்சு போயிடும்" என்றார். "அவர்தான் பண்ணார்னு நீங்களும் சொல்லிட்டீங்கன்னா எனக்குத் தூக்கம் வரும்."

தன் கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மூக்கைத் துடைத்தார். இன்னொன்றை எடுத்து, வியர்த்து வழிந்துகொண்டிருந்த ஒல்லியிடம் பரிவுடன் நீட்டினார். முகத்தில் ஒற்றியவன் அப்படியே சொக்கிப் போனான்.

"என்னம்மா இது, பூனைக்குட்டி மாதிரி இருக்கு! எங்க வீட்டுத் துண்டுல முகம் துடைச்சா தோல் உரிஞ்சு வந்துடும். இந்த ஊர்த் தண்ணி அப்படி."

"வீட்டுக்காரர் லாண்டரி வெச்சிருக்கார். மூணு ஆஸ்பத்திரி, எட்டு லாட்ஜ் துணி அங்கதான் துவைக்கிறாங்க. நீங்களே வெச்சுக்குங்க தம்பி."

ஒல்லி உடனே துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். அந்த அம்மாள் மேல் அவனுக்கு அளவில்லாத மரியாதை பிறந்தது. கோப்பில் அவருக்கு 'பீன்ஸ் அம்மா' என்றும், அண்ணனுக்கு 'பீட்ரூட் வில்லன்' என்றும் பெயர் எழுதினான்.

"ஒல்லி" என்றார் மேடம், பொடியைக் காட்டி. "நாக்கு."

"பூச்சி மருந்தா இருந்தா?"

"இருந்தா உடனே தெரிஞ்சிடும்."

ஒல்லி கண்ணை மூடிக்கொண்டு ஒரு துளி வைத்தான். நாக்கைச் சுழற்றினான். மறுபடி ஒரு துளி வைத்தான். "மேடம், இதுல உப்பு இல்லை, கசப்பு இல்லை, ஒண்ணுமே இல்லை. சுவத்தை நக்கின மாதிரி இருக்கு."

"நக்கியிருக்கியா?"

"போன வருஷம் பெயின்ட் கம்பெனி கேஸ்ல நீங்கதானே நக்கச் சொன்னீங்க!"

மேடம் எழுந்து கைப்பையை மாட்டினார். கீழே மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் ஒரு கேன் வாங்கிக்கொண்டார். எதற்கு என்று ஒல்லி கேட்டதற்கு, "அதுல எதுவுமே கலந்திருக்காது, உன் மனசு மாதிரி" என்றார். பாராட்டா திட்டா என்று புரியாமல் அவன் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

நிலம் ஊருக்கு வெளியே மூன்றாவது கிலோமீட்டரில் இருந்தது. கோடையில் ஆறு வற்றிவிட்டால் வாய்க்காலில் வருவது முழுக்க ஊர்த் தண்ணீர்தான். வீடும் கடையும் லாட்ஜும் கழித்துவிட்ட நீர், சுத்திகரிப்பு நிலையம் போய், அங்கிருந்து வயலுக்கு வரும். ஒல்லி குனிந்து முகர்ந்து பார்த்தான். நாற்றமே இல்லை.

"சுத்தமாத்தானே இருக்கு மேடம்?"

"அழுக்கை எடுப்பாங்க, நாத்தத்தை எடுப்பாங்க. கரைஞ்சு போன உப்பை அந்த நிலையத்துல எடுக்க மாட்டாங்க. அது குளத்துல குதிச்சவன் மாதிரி இந்தக் கரையில விழுந்து அந்தக் கரையில ஏறிடும்."

மேடம் மூன்று கண்ணாடிப் பாட்டில்களில் பேட்டரித் தண்ணீரை ஊற்றினார். பிறகு மண்கட்டி பொறுக்க ஒல்லியை அனுப்பினார். பீன்ஸ் அம்மாவின் தெற்குப் பாத்தியிலிருந்து ஒன்று, வெள்ளைப் பொடி விழுந்த வடக்குப் பாத்தியிலிருந்து ஒன்று, அண்ணனின் பீட்ரூட் வயலிலிருந்து ஒன்று. மூன்றாவதை எடுக்கப் போனபோது வரப்பு ஒல்லியின் எடையைத் தாங்காமல் சரிந்துவிட, அவன் பீட்ரூட்டுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டான். ரகசியமாக எடுத்துவரச் சொன்ன மண், அவன் பின்பக்கம் முழுக்க ஒட்டிக்கொண்டு வந்தது.

"தேவைக்கு மேலயே கொண்டு வந்துட்டே" என்றார் மேடம்.

ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு கட்டி போட்டார்கள். குலுக்கவில்லை, கலக்கவில்லை. பாட்டில்களை ஆடாமல் ஸ்கூட்டரின் முன்கூடையில் வைத்துக்கொண்டு மேடம் அடுத்த இடத்துக்குக் கிளம்பினார். ஒல்லி பின்னால் உட்கார்ந்தான். ஸ்கூட்டர் ஒரு முறை முனகியது.

நீர் ஆய்வகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தார். மேசையில் ஒரு முத்திரைக்கட்டை, மை டப்பா, காகிதக் கட்டு. வாய்க்கால் தண்ணீர் அறிக்கை என்றதும் முகம் மலர்ந்து எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு மாத அறிக்கை. பன்னிரண்டிலும் 'பாசனத்துக்கு உகந்தது' என்று ஊதா மையில் முத்திரை விழுந்திருந்தது.

"மொத்த உப்பு எவ்வளவுன்னு பார்ப்போம் மேடம். போன வருஷம் பன்னிரண்டு. இந்த மாசம் பதினாலு. பெரிசா ஒண்ணும் ஏறலை."

"யாராவது மூட்டை மூட்டையா உப்பைக் கொட்டியிருந்தா?"

"எகிறியிருக்குமே! வாய்ப்பே இல்லை."

ஒல்லிக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. வில்லன் கையை விட்டுப் போவது அவனுக்குப் பிடிக்காது. மேடம் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்தப் பதினாலுல சோடியம் எவ்வளவு? கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு?"

"அதையும் அளப்போம் மேடம். பழைய நோட்டுல எழுதி வைப்போம்."

"அறிக்கையில காணோமே?"

"ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்லை" என்றார் அவர், ரொம்ப இயல்பாக. "கட்டம் இல்லாததை எங்கே எழுதறது?"

மேடம் அவரைச் சில நொடிகள் பார்த்தார். அந்தப் பார்வை தன் மேல் விழாததற்கு ஒல்லி மனதுக்குள் நன்றி சொன்னான். நோட்டு வந்தது. தூசி தட்டியதில் மூன்று பேரும் தும்மினார்கள்.

போன வருஷம்: சோடியம் நான்கு, மற்ற இரண்டும் சேர்ந்து எட்டு. இந்த மாதம்: சோடியம் பன்னிரண்டு, மற்ற இரண்டும் சேர்ந்து இரண்டு.

"ஒல்லி, கணக்குப் போடு. கால்சியம், மக்னீசியம் ரெண்டையும் கூட்டினதுல பாதி எடு. அதுக்கு வர்க்கமூலம். சோடியத்தை அதால வகு."

"பத்தாம் வகுப்புல இதுக்குப் பயந்துதான் மேடம் நான் படிப்பையே விட்டேன்." ஆனாலும் விரலை மடக்கிப் போட்டான். "போன வருஷம் எட்டுல பாதி நாலு, வர்க்கமூலம் ரெண்டு, நாலை வகுத்தா ரெண்டு. இப்போ ரெண்டுல பாதி ஒண்ணு, வர்க்கமூலம் ஒண்ணு, வகுத்தா… பன்னிரண்டு. அட! ரெண்டு பன்னிரண்டாயிடுச்சு!"

"மண்ணைக் கைகோத்து நிக்க வைக்கிறது கால்சியம். சோடியம் ஜாஸ்தியாச்சுன்னா கையை உதறி விட்டுடும். களிமண் பொடிப்பொடியாப் பிரிஞ்சு போய், இருக்கிற ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும். அப்புறம் தண்ணி எப்படி இறங்கும்? மொத்த உப்பைப் பார்த்துட்டு இருந்தா இது கண்ணுக்கே தெரியாது."

ஆய்வகத்துக்காரர் கையிலிருந்த முத்திரையை மெல்ல மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

"இன்னொண்ணு கவனிச்சியா? சோடியம் எட்டு ஏறியிருக்கு. கால்சியம் பக்கம் ஆறு இறங்கியிருக்கு. உப்பைக் கொட்டினவன் சோடியத்தைக் கூட்டியிருப்பான், சரி. கால்சியத்தை எவன் எடுத்துட்டுப் போனான்? இது கொட்டினது இல்லை ஒல்லி. ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வெச்சிருக்காங்க. பண்டமாற்று."

"வாய்க்கால்ல இறங்கி யார் மேடம் பண்டமாற்று பண்றது?" என்று கேட்டபடி ஒல்லி கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

மேடத்தின் கண் அந்தத் துண்டின் மேல் நின்றது. எட்டிப் பிடித்து, இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. அந்தச் சிரிப்பு வந்தால் கேஸ் முடிந்தது என்று அர்த்தம். எப்படி முடிந்தது என்று மட்டும் கேட்டால் சொல்ல மாட்டார். ஒல்லிக்கு அதில்தான் பற்றிக்கொண்டு வரும்.

"மணி என்ன?"

"மூணரை. மேடம், எனக்கும் கொஞ்சம் சொல்லிட்டா—"

"பம்ப் ஷெட்டுக்குப் போறோம். சத்தம் போடாம வா."

நூற்றுநான்கு கிலோவிடம் இப்படிக் கேட்பது அநியாயம் என்று அவனுக்குத் தோன்றியது. நுனிக்காலில் நடந்தான். கதவு இடுக்கில் கண்ணை வைத்தான். உள்ளே ஒரு மூலையில் உப்புச் சாக்குகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் கேரம் போர்டு. அதன் இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள். பலகை மேல் வெள்ளைப் பொடி.

"அகப்பட்டாங்க!" என்று கிசுகிசுத்த ஒல்லி, உணர்ச்சிவசப்பட்டுக் கதவில் சாய்ந்தான். கதவு கீலோடு உள்ளே போனது. அவனும் போனான். சிவப்புக் காய் உருண்டு போய்ச் சாக்குகளுக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

கேரம் பவுடரையும் நாக்கில் வைக்கப்போன அவனை மேடம் தடுத்துவிட்டார்.

மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை, வெயில் ஏறிய முகம், ஐம்பது வயது. அதுதான் அண்ணன். எதிரில் இஸ்திரி கலையாத சட்டையில் இருந்தவர், மேடம் யாரென்று தெரிந்ததும் பேய் அறைந்தது போல ஆனார்.

"மேடம், தயவுசெஞ்சு என் வீட்ல சொல்லிடாதீங்க. அண்ணனோட பேசினாலே சோறு கிடையாதுன்னு சொல்லி வெச்சிருக்கா. நானும் மச்சானும் இருபது வருஷமா ஆடறோம். திடீர்னு எப்படி விடறது?"

ஒல்லி வாயைப் பிளந்தான். பீன்ஸ் அம்மாவின் வீட்டுக்காரர்!

"வாரா வாரம் வெள்ளிக்கிழமை இந்த நேரத்துக்கா?" என்றார் மேடம்.

"ஆமா… அன்னிக்குத்தான் ரெண்டு மணி நேரம் லாண்டரியில தண்ணியை நிறுத்திடுவோம். புது வாட்டர் சாஃப்ட்னர் மிஷின் வாங்கியிருக்கோம் மேடம், நாலு மாசமாச்சு. கடுந்தண்ணியை மிருதுவாக்கிடும். வாரத்துக்கு ஒரு தடவை அதுக்குள்ள ஆறு மூட்டை உப்பைப் போட்டு அலசி விடணும். அதுவா அலசிக்கிட்டு இருக்கும். நான் இங்க வந்துடுவேன்."

"அலசின தண்ணி?"

"டிரெய்னேஜ்ல போயிடும்."

"டிரெய்னேஜ்?"

"ஊருக்கு வெளிய…" என்று ஆரம்பித்த லாண்டரிக்காரரின் கை மெதுவாக வாய்க்கால் பக்கம் நீண்டது. நீண்ட கை அப்படியே நின்றுவிட்டது.

"அந்த மிஷின் பண்ற வேலையே பண்டமாற்றுதான்" என்றார் மேடம். "தண்ணியில இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு சோடியத்தை விடும். தினமும் உங்க லாண்டரித் தண்ணி அப்படித்தான் வெளிய போகுது. வெள்ளிக்கிழமை அதுக்கு மேல ஆறு மூட்டை. கோடையில வாய்க்கால்ல பாதி உங்க தண்ணி. துணியெல்லாம் பூனைக்குட்டி மாதிரி ஆயிடுச்சு. உங்க சம்சாரத்தோட நிலம் சிமெண்ட் ஆயிடுச்சு."

ஒல்லி தன் கழுத்துத் துண்டை, பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"மிஷின் இருக்குன்னு அவளுக்குத் தெரியும்" என்றார் லாண்டரிக்காரர், குரல் உடைந்து. "உப்பு போடணும்னு தெரியாது. காலிச் சாக்கு வீணாப் போகுதேன்னு மச்சானுக்குக் கொடுத்தேன்."

"அப்போ அந்த வெள்ளைப் பொடி?" என்று ஒல்லி அண்ணன் பக்கம் திரும்பினான். வில்லனை அவ்வளவு சீக்கிரம் விட அவனுக்கு மனமில்லை. "அதை எதுக்குத் தங்கச்சி நிலத்துல போட்டீங்க? திருட்டுத்தனமா, அவங்க சாப்பிடப் போற நேரம் பார்த்து?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மேடம் வெளியே போய் ஸ்கூட்டர் கூடையிலிருந்து மூன்று பாட்டில்களையும் எடுத்து வந்து கேரம் போர்டின் மேல் வைத்தார். அதைப் பார்த்ததும் ஒல்லி அடுத்த கேள்வியை மறந்துவிட்டான்.

ஐந்து மணிக்கு அண்ணன் நிலத்து மடையருகில் இருபது பேர் கூடியிருந்தார்கள். வாய்க்கால் குழுத் தலைவர் புதுப் பூட்டு ஒன்றை வாங்கி வந்திருந்தார். பித்தளைப் பூட்டு. வெயிலில் அது பளபளப்பதை அவரே இரண்டு மூன்று முறை ரசித்துக்கொண்டார். பீன்ஸ் அம்மா கைகட்டி ஒரு ஓரமாக நின்றார். அண்ணன் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று மாதமாகப் பழகிய திருப்பல்.

"ஒரு நிமிஷம்" என்றார் மேடம். ஒல்லி பாட்டில்களை ஏந்தி வந்து மடைக்கல்லின் மேல் வரிசையாக வைத்தான்.

"இது அம்மாவோட தெற்குப் பாத்தி மண். வெறும் நல்ல தண்ணியில போட்டது, யாரும் கலக்கலை. பாருங்க, பால் மாதிரி கலங்கி நிக்குது. சோடியம் பிடிச்ச மண் இப்படித்தான் கரையும். இது அண்ணனோட பீட்ரூட் நிலத்து மண். இதுவும் பால்தான்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "அவர் நிலமும் கெட்டிருக்கா?" என்றார் தலைவர்.

"ரெண்டும் ஒரே தண்ணிதானே? பீட்ரூட் சோடியத்தைத் தாங்கும், பீன்ஸ் தாங்காது. அவ்வளவுதான் வித்தியாசம். கெடுத்தது வேற ஆள். அது யாருன்னு அம்மாவோட வீட்டுக்காரரே சொல்வார்."

லாண்டரிக்காரர் சொன்னார். மிஷின், ஆறு மூட்டை, வெள்ளிக்கிழமை, டிரெய்னேஜ், கேரம் போர்டு எல்லாவற்றையும் சொன்னார். கேரம் போர்டைச் சொன்னபோதுதான் அவர் குரல் அதிகமாக நடுங்கியது. இன்றே மிஷினை நிறுத்திவிடுவதாகவும், லாண்டரித் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாதபடி தனித் தொட்டி கட்டுகிற வரைக்கும் அதைத் தொடுவதில்லை என்றும் எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தார். பீன்ஸ் அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். இன்றைக்கு இவருக்கு சோறு கிடையாது என்று ஒல்லி முடிவு கட்டினான்.

தலைவர் ஏமாற்றத்தோடு பூட்டைக் கையில் உருட்டினார். "அப்போ அந்தப் பொடி?"

மேடம் மூன்றாவது பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் தெளிந்து கண்ணாடியாக இருந்தது. மண்கட்டி அடியில் முழுசாக உட்கார்ந்திருந்தது.

"இது பொடி விழுந்த வடக்குப் பாத்தி மண். கலங்கவே இல்லை. ஏன்னா அந்தப் பொடி ஜிப்சம். கால்சியம். சோடியத்தை வெளிய தள்ளி மண்ணை மறுபடி கைகோக்க வைக்கிற மருந்து. உப்புச் சாக்குல கொண்டு வந்து போட்டிருக்கார், வேற சாக்கு இல்லாததால. அம்மா, அந்த மூணு பாத்தியில மட்டும் பீன்ஸ் புதுசாத் துளிர் விட்டிருக்கு. நீங்க கோபத்துல அப்புறம் அந்தப் பக்கமே போகலை."

பீன்ஸ் அம்மா தெளிந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு கலங்கிய பாட்டிலைப் பார்த்தார், அண்ணன் நிலத்து மண் இருந்ததை.

"உன் நிலத்துக்குப் போடலையா?" என்றார். மூன்று மாதத்தில் அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை.

"மண்ணு இறுகினா இதைப் போடுன்னு சொன்ன கடைக்காரன்கிட்ட அவ்வளவுதான் இருந்துச்சு" என்றார் அண்ணன், தரையைப் பார்த்தபடி. "என் பீட்ரூட் தாங்கும். உன் பீன்ஸ் தாங்காது."

பீன்ஸ் அம்மா கண்ணைத் துடைக்கத் துண்டு தேடினார். கையில் துண்டு இல்லை. ஒல்லி தன் கழுத்திலிருந்ததை எடுத்துக் கொடுக்கப் போனான், அது எந்தத் துண்டு என்று நினைவு வந்து பாதியில் நிறுத்தினான். பைக்குள் கைவிட்டு, அட்டை மாதிரி விறைத்துக் கிடந்த தன் வீட்டுத் துண்டை எடுத்து நீட்டினான். அவர் அதில் முகத்தைப் புதைத்து அழுதார். அழுது முடித்ததும் குரலை உயர்த்தினார்.

"என் வரப்புல கால் வெச்சா காலை ஒடிச்சிடுவேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"அப்படியும் வந்தே."

"வந்தேன்."

"வந்தது வந்தே, மூணு பாத்தியோட ஏன் போயிட்டே? தெற்குப் பக்கம் ஏழு பாத்தி யார் போடுவா?"

அண்ணன் முதல் தடவையாக நிமிர்ந்தார். "நாளைக்குச் சரக்கு வருதாம்."

"காலையில வா. வாசல் வழியா வா."

தலைவர் புதுப் பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.